பத்தாவது வரி

ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் முன்னதாக
பெயர்ப்பட்டியல் என் மேசைக்கு வந்துவிட வேண்டும்.
பெள்ளியப்பாவுடையது ஒரு மணி நேரம் முன்பே வரும்,
கணினியில் அடித்து, பிளாஸ்டிக் உறையில்,
பன்னிரண்டு வரியும் நிரம்பி.
லோபோ மேடத்தினுடையது
மல்லேஸ்வரம் பேக்கரி பில்லின் பின்பக்கம்.

பதினோரு வருடமாக எழுதுகிறேன்.
வாரநாளில் மின்கட்டணம், சனி ஞாயிறில் புள்ளி.
ஆட்டத்துக்கு அறுநூறு ரூபாய், ஒரு டீ.
மழை பிடித்தால் இரண்டு டீ.
இருவரையும்
அவர்கள் கொண்டுவரும் பெயர்களை வைத்துத்தான்
எனக்குத் தெரியும்.

பெள்ளியப்பா ஊர் ஊராகப் போவார்.
ஈரோட்டில் ஒரு பள்ளி ஆட்டம், திருச்சூரில் ஒரு முகாம்,
லூதியானாவுக்கு ரயிலில் இரண்டு இரவு.
பெண்ணைப் பார்க்குமுன் அவள் அம்மாவைப் பார்ப்பாராம்:
நிலைப்படி தாண்டும்போது குனிகிறாளா என்று.
பெண் பார்க்கும் படலமேதான்.
சீர் மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து போகும்:
விடுதியில் கட்டில், தினம் நான்கு முட்டை,
கமர்ஷியல் தெருவில் கிடைக்காத
பதினோராம் எண் ஷூ.

லோபோ மேடம் எங்கும் போவதில்லை.
அவர் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு மூன்றே இடம்,
இரண்டு கிரிக்கெட்டுக்கு.
த்ரோபாலில் சண்டை போட்டு நீக்கப்பட்டவள்,
வருகைப்பதிவு குறைந்து கெஞ்ச வந்தவள்,
சிவாஜிநகரில் பஸ்ஸைத் துரத்திப் பிடித்தவள்.
'குணம் பார்த்து எடுக்கிறீர்களாமே' என்றேன் ஒருமுறை.
'யார் சொன்னது?
மிச்சத்தை எடுக்கிறேன்.'

அருள்மேரியை எடுத்ததும் அவர்தான்.
தங்கவயல் பெண்.
மாரிக்குப்பத்தில் இருட்டோடு ரயிலேறி
தூங்கி வழிந்த முகத்தோடு பயிற்சிக்கு வருவாள்.
முதல் வருடம் பந்து அவள் காலிலேயே பட்டு ஓடும்.
மூன்றாம் வருடம் என் தாளில் பாதி அவள் எண்.
பட்டம் முடிந்தது.
முதுகலைக்குச் சேர்ந்தபோது
அவள் பெயர் பிளாஸ்டிக் உறைக்குள் வந்தது.

களவு என்றார்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்.
லோபோ மேடம் பில்லை என்னிடம் நீட்டியபடி
'அங்கே கட்டில் இருக்கிறது,
என்னிடம் ரயில்தான் இருந்தது' என்றார்.
அடுத்து நான் எதுவும் கேட்கவில்லை.

இன்று அரையிறுதி.
பில்லில் பத்துப் பெயர், தரையில் ஒன்பது பேர்.
பத்தாவது, ஷாஹீன் தாஜ்.
'வேதியியல் செய்முறைத் தேர்வு. வந்துவிடுவாள்.'
பெயர் இருந்தால் எப்போது வந்தாலும் ஆடலாம், விதி அது.
பதினொன்றையும் பன்னிரண்டையும்
ஸ்கேல் வைத்து அடித்தேன்.

மூன்றாம் கால்பாகம், சிவப்பு மை.
லோபோவின் இரண்டு பேர் ஐந்து ஃபவுலில் வெளியே,
ஒருத்தி கணுக்காலில் ஐஸ்கட்டியோடு.
எதிரே பெள்ளியப்பா
ஐந்து பேரை மாற்றி ஐந்து பேரை இறக்குகிறார்,
சட்டை மாற்றுவதுபோல.
ஃப்ரீ த்ரோ கோட்டில் அருள்மேரி.
மூன்று வருடம் ஷாஹீனின் டப்பாவில் சாப்பிட்டவள்
வளையத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்க்கிறாள்.
தவறியது.
இரண்டாவதும்.

நீல மைக்கு மாறி ஆறு நிமிடம் கழித்து
ரெக்கார்டு நோட்டோடு ஓடி வந்தாள்,
விரல் நுனியெல்லாம் பழுப்புக் கறை.
எழுபத்தொன்று, நாற்பத்தெட்டு.
இனி ஜெயிக்க ஒன்றுமில்லை.
ஷூ நாடாவைக் கட்டியும் கட்டாமலும் இறங்கினாள்.
பத்தாவது வரியில் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.
முதல் பந்தையே
அருள்மேரியின் கையிலிருந்து தட்டிப் பறித்தாள்.
இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

விசில் முடிந்து கையெழுத்துப் போட வந்த பெள்ளியப்பா
பேனாவைத் திருப்பித் தரவில்லை.
'அந்தப் பத்தாவது, எந்த வருடம்?'
'எண் மட்டும்தான் சார் எனக்குத் தெரியும்.'

கேட்டுக்கு வெளியே தூறலில்
ஸ்கூட்டரைச் சாய்த்து நின்றிருந்தாள்
ஷாஹீனின் அம்மா.
மரக்கிளைக்குத் தலையைக் குனிந்துகொண்டு.

அவர் அந்தப் பக்கம் திரும்புமுன்
டீ வந்துவிட்டது சார் என்றேன்.